அணைத்த பின்னும் அடங்காத சூடு

போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டங்களில், காய் எடுப்புக் காலம் வந்துவிட்டால் இரவெல்லாம் விழித்திருக்கும் கட்டடம் ஒன்று உண்டு. தோட்டத்துக்காரர்கள் அதை ‘ஸ்டோர்’ என்பார்கள். பச்சை ஏலக்காயை உலர்த்தும் அறை அது. சுவருக்கு வெளியே விறகு அடுப்பு. அடுப்பின் புகை ஒரு தகரக் குழாய்க்குள் புகுந்து, அறையின் தரையை ஒட்டி வளைந்து ஓடி, மறுபக்கம் புகைபோக்கி வழியாக வெளியேறும். குழாய்க்கு மேலே அடுக்கடுக்காகக் கம்பிவலைத் தட்டுகள், தட்டு நிறையக் காய். குழாயைத் தொட்ட காற்று சூடேறி எழும். காய்களின் ஈரத்தை வாங்கிக்கொண்டு கூரைக்கடியில் உள்ள திறப்பு வழியாகப் போகும். அது விட்டுப்போன இடத்துக்குக் கீழேயிருந்து குளிர்ந்த காற்று வரும். அறைக்குள் 45 முதல் 55 டிகிரி வரை சூடு. கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க இந்தச் சுற்று நடக்கும். நாலைந்து கிலோ பச்சைக் காய் ஒரு கிலோவாகச் சுண்டி, பச்சை நிறம் மாறாமல் போடி ஏல மையத்துக்கு மூட்டையாக இறங்கும்.

பழைய ஸ்டோர்களில் மின்விசிறி கிடையாது. மலையில் மழையடித்து மூன்று நாள் கரண்ட் போனாலும் காய் காயும். சூடானது மேலே போகிறது, குளிர்ந்தது கீழே வருகிறது. விபத்தில் சிக்கிய அணு உலையைக் காப்பாற்றும் வித்தையில் பாதி இதுதான் என்று சொன்னால் ஸ்டோரில் விறகு போடுபவர் நம்பமாட்டார். ஆனால் உண்மை.

போடி மலைச்சரிவில் அணு உலை எதுவும் இல்லை. ஆனாலும் ‘அணு’ என்ற சொல் இங்கே பத்தாண்டுகளுக்கு மேலாகப் புழங்குகிறது. போடிக்குத் தெற்கே பொட்டிப்புரத்தில், அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கப்பாதை, அதன் முடிவில் 50,000 டன் காந்தமேற்றிய இரும்பு. அந்த இரும்புக்குள் வந்து மோதும் நியூட்ரினோக்களைப் பதிவு செய்வதே நோக்கம். காடு, யானை, புலிகளின் வழித்தடம், அணைகள் ஆகியவற்றை முன்வைத்து வலுவான எதிர்ப்பு எழுந்தது. அனுமதி தர இயலாது என்று 2022இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. இதற்கு நடுவே ‘அணுக்கழிவைக் கொண்டுவந்து புதைக்கப் போகிறார்கள்’ என்ற அச்சம் ஊர் ஊராகப் பரவியது. திட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் அந்த அச்சத்துக்கு அடியில் நியாயமான ஒரு கேள்வி இருந்தது: அணு சம்பந்தப்பட்ட ஒன்று கைமீறினால் எப்படி அடக்குவார்கள்? பொட்டிப்புரத்துக்குப் பொருந்தாவிட்டாலும், தமிழ்நாட்டின் கடற்கரையில் கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் உலைகள் ஓடிக்கொண்டிருக்கும்போது, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஸ்டோர் அடுப்பில் விறகு போடுவதை நிறுத்தினால் கங்கு அடங்கும். ஈரச்சாக்கைப் போட்டு மூடினால் காற்றில்லாமல் இன்னும் சீக்கிரம் அடங்கும். அணு உலை அப்படி அடங்காது. யுரேனிய அணுக்கள் பிளப்பதை நிறுத்துவது எளிது. கட்டுப்பாட்டுக் கோல்கள் இறங்கினால் சில விநாடிகளில் தொடர்வினை நின்றுவிடும். ஆனால் அதுவரை பிளந்த அணுக்களின் துண்டுகள் எரிபொருளுக்குள்ளேயே கிடக்கின்றன. அவை நிலையற்றவை. கதிர்வீசிச் சிதைந்துகொண்டே இருக்கும், சிதையும்போதெல்லாம் சூடு தரும். இதற்குச் சிதைவு வெப்பம் என்று பெயர். இதற்குக் காற்று வேண்டாம், விறகு வேண்டாம், அணைக்கும் பொத்தானும் கிடையாது. அம்பரப்பர் மலையின் பாறைக்குள்ளும் மிகச் சிறு அளவில் இருக்கும் யுரேனியமும் தோரியமும் இதே வகைச் சூட்டைக் கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தந்துகொண்டிருக்கின்றன. பூமியின் வயிறு இன்னும் ஆறாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

உலையில் அந்தச் சூடு எவ்வளவு? நிறுத்திய கணத்தில், முழு வெப்பத் திறனில் 6 முதல் 7 சதவீதம். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை சதவீதமாக இறங்கும். ஒரு நாள் கழித்து அரை சதவீதம். சதவீதமாகச் சொன்னால் சிறிதாகத் தெரிகிறது. கூடங்குளத்தின் ஓர் உலை 1000 மெகாவாட் மின்சாரம் தருவது. அதன் வெப்பத் திறன் 3000 மெகாவாட். மாடியில் வைக்கும் 1000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டியை அளவாக வைத்துக்கொள்வோம். உலையை நிறுத்திய உடனே இருக்கும் சூடு, ஒரு தொட்டித் தண்ணீரைக் கால் நிமிடத்துக்குள் முழுக்க ஆவியாக்கிவிடும். ஒரு மணி நேரம் கழித்து, ஒரு தொட்டிக்கு ஒரு நிமிடம். மறுநாள், ஒரு தொட்டிக்கு மூன்று நிமிடம். அந்த மறுநாள் கணக்கிலேயே நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 டன் தண்ணீர்; 12,000 லிட்டர் லாரியில் நாற்பது நடைக்கு மேல்.

இந்தத் தண்ணீர் நின்றால் எரிபொருள் கோல்கள் வெளியே தெரியும். கோலின் மேலுறை சிர்கோனியம் கலந்த உலோகம். சுமார் 1200 டிகிரியைத் தாண்டினால் அது நீராவியோடு மூர்க்கமாக வினைபுரிந்து ஹைட்ரஜனைக் கக்கும், கூடவே மேலும் சூட்டையும் தரும். அதற்குப் பிறகு உருகல். ஆகவே அவசரக் குளிர்விப்பு என்பதன் சாரம் ஒன்றே: எந்த வழியிலாவது தண்ணீர் உள்ளே போக வேண்டும், சூடு வெளியே போக வேண்டும். கரண்ட் இல்லாதபோதும்.

அப்படிக் கரண்ட் முழுக்கப் போன நிலை நம் நாட்டிலேயே நேர்ந்தது. உத்தரப்பிரதேசத்தின் புலந்த்ஷகர் மாவட்டத்தில், கங்கைக் கரையில் நரோரா அணுமின் நிலையம் இருக்கிறது. 1993 மார்ச் 31, விடியற்காலை மூன்றரை மணி. முதல் அலகின் டர்பைனில் இரண்டு இறக்கைகள் முறிந்தன. பேய்வேகத்தில் சுழலும் இயந்திரம் நிலைகுலைந்து அதிர்ந்தது. ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் வாயு கசிந்து தீப்பிடித்தது, மசகு எண்ணெயும் சேர்ந்து எரிந்தது. தீ கேபிள் தட்டுகளைப் பற்றிக்கொண்டு ஓடியது. மாற்று மின்சாரத்தைச் சுமந்த கேபிள்களும் பிரதான கேபிள்களும் அருகருகே போடப்பட்டிருந்ததால் எல்லாம் சேர்ந்து கருகின. டீசல் ஜெனரேட்டர் இருந்தும், அதன் மின்சாரம் போய்ச் சேர வழியில்லை. நிலையம் முழுக்க இருண்டது. அந்த இருட்டு 17 மணி நேரம் நீடித்தது.

ஊழியர்கள் ஒரு நிமிடத்துக்குள் உலையைக் கையால் நிறுத்திவிட்டார்கள். அடுத்து அவர்கள் செய்ததுதான் முக்கியமானது. நீராவி உற்பத்திக்கலன்களின் வால்வுகளைத் திறந்து, உள்ளிருந்த ஆவியை வானத்துக்கு வெளியேற்றினார்கள். அழுத்தம் இறங்கியது. பிறகு, தீயணைப்புக்காக வைத்திருந்த டீசல் பம்புகளை ஓட்டி, தீயணைப்புத் தண்ணீரையே அந்தக் கலன்களுக்குள் செலுத்தினார்கள். பிரதான பம்புகள் நின்றுவிட்டன. ஆனால் நரோரா வகை உலையில் நீராவிக்கலன்கள் உலையின் மையத்தைவிட உயரத்தில் இருக்கின்றன. எரிபொருளைக் குளிர்விக்கும் கனநீர் சூடேறித் தானாக மேலே எழுந்தது. கலனுக்குள் தீயணைப்புத் தண்ணீரிடம் சூட்டைக் கொடுத்துவிட்டுக் கனத்து, கீழே இறங்கியது. மறுபடி சூடேறி எழுந்தது. ஏல ஸ்டோரில் காற்று செய்த அதே காரியத்தை, கங்கைக் கரையில் கனநீர் செய்தது. இயற்கைச் சுழற்சி என்று பொறியாளர்கள் இதைச் சொல்கிறார்கள்.

கட்டுப்பாட்டு அறைக்குள் புகை நிறைந்து ஊழியர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. கருவிகளுக்கு மின்சாரம் இல்லை. உலை என்ன நிலையில் இருக்கிறது என்று காட்டும் முள் ஒன்றுகூட அசையவில்லை. தொடர்வினை மறுபடி தொடங்கிவிட்டால்? அந்த ஐயத்தைப் போக்க, சிலர் கையில் டார்ச்சோடு உலைக் கட்டடத்தில் மேலேறினார்கள். வால்வுகளைக் கையால் திருகி, போரான் கலந்த கரைசலை உலைக்குள் இறக்கினார்கள். போரான் நியூட்ரான்களை விழுங்கும்; தொடர்வினைக்கு இடமே கொடுக்காது. அந்தக் கரைசல் மேலிருந்து கீழே புவியீர்ப்பால் மட்டுமே இறங்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. கேபிள்களை அடுக்கிய முறை பெரிய தவறு, அதில் ஐயமில்லை. ஆனால் அந்த இருட்டில் படியேறியவர்களை இந்த நாடு போதிய அளவு நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. எரிபொருள் உருகவில்லை, கதிர்வீச்சு வெளியே கசியவில்லை. அணு நிகழ்வுகளுக்கான சர்வதேச அளவுகோலில் மூன்றாம் நிலை நிகழ்வாகப் பதிவானது.

ஆவியை முதலில் வெளியேற்றியது ஏன் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பிரஷர் குக்கர் விசிலடித்துக்கொண்டிருக்கும்போது அதற்குள் தண்ணீர் ஊற்ற முடியுமா? தீயணைப்பு பம்பு தரும் அழுத்தம் பத்து வளிமண்டல அளவுக்குப் பக்கம். ஜப்பானின் ஃபுகுஷிமாவில் இருந்தது போன்ற கொதிநீர் உலை ஓடும்போது அதற்குள் அது எழுபது. உள்ளே அழுத்தம் இறங்காமல் வெளியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரும் நுழையாது.

இந்தப் பாடத்தை ஃபுகுஷிமா கொடுமையாகக் கற்றது. 2011 மார்ச் 11 பிற்பகலில் நிலநடுக்கம். ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் சரியாக நின்றன. ஒரு மணி நேரத்துக்குள் சுமார் 14 மீட்டர் உயரத்தில் சுனாமி வந்தது. நிலையம் எதிர்பார்த்திருந்த உயரம் சுமார் 6 மீட்டர்தான். டீசல் ஜெனரேட்டர்கள், மின்பலகைகள், பேட்டரிகள் நனைந்து செத்தன. ஆவியை வெளியேற்றும் வால்வைத் திறக்கக்கூட மின்சாரம் இல்லாமல், ஊழியர்கள் தங்கள் கார்களின் பேட்டரிகளைக் கழற்றிக்கொண்டு வந்து தொடராகக் கோத்தார்கள். தீயணைப்பு வண்டிகளால் முதலில் நன்னீர், அது தீர்ந்ததும் கடல்நீர். முதல் உலைக்குள் கடல்நீரைச் செலுத்துவதை நிறுத்தச் சொல்லி மார்ச் 12 மாலை தலைமையிடமிருந்து சொல் வந்தது. நிலைய மேலாளர் மசாவோ யோஷிடா, காணொளிக் கூட்டத்தில் எல்லார் காதிலும் விழ ‘நிறுத்துங்கள்’ என்றார். அதற்கு முன்பே, என்ன சொன்னாலும் நிறுத்தாதே என்று பக்கத்திலிருந்தவரிடம் மெல்லச் சொல்லிவிட்டார். தண்ணீர் நிற்கவில்லை.

ஆனால் பின்னால் தெரிந்தது இதைவிட வேதனையானது. வண்டிகள் அழுத்திய தண்ணீரில் கணிசமான பங்கு உலைக்குப் போகாமல், வழியில் பிரிந்த குழாய்களில் ஓடி வேறு தொட்டிகளுக்குப் போய்விட்டது. தோட்டத்துக்கு ஓடை நீரைக் குழாய் போட்டு இறக்குபவருக்கு இது புரியும். நடுவில் ஒரு திறப்பை அடைக்க மறந்தால், மேலே எவ்வளவு தண்ணீர் பாய்ந்தாலும் கீழே குழாய் முனையில் சொட்டுத்தான் வரும். மூன்று உலைகளும் உருகின. ஹைட்ரஜன் வெடித்துக் கட்டடங்கள் சிதறின. மார்ச் 17 அன்று ராணுவ ஹெலிகாப்டர்கள் ஊற்றிய தண்ணீரை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது; அதில் பெரும்பகுதி காற்றில் சிதறியது. உண்மையில் கைகொடுத்தது, அடுக்குமாடிக் கட்டடங்களுக்குக் கான்கிரீட் ஏற்றும் நீண்ட கை கொண்ட லாரி. அதன் ஐம்பது மீட்டருக்கும் மேற்பட்ட கையை நீட்டி, பயன்படுத்திய எரிபொருள் கிடந்த குளத்துக்குள் சரியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். ஊழியர்கள் அதைச் செல்லமாக ‘ஒட்டகச்சிவிங்கி’ என்று அழைத்தார்கள்.

நரோராவில் கைகொடுத்த இயற்கைச் சுழற்சிக்கும் ஒரு பலவீனம் உண்டு. குழாய் முழுக்கத் தண்ணீர் இருந்தால்தான் அது ஓடும். 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்டில், திறந்தபடி சிக்கிக்கொண்ட ஒரு வால்வு வழியாகத் தண்ணீர் வெளியேறிக்கொண்டிருந்தது. தண்ணீர் அதிகமாகிவிட்டதாகக் கருவி காட்டியதை நம்பி, தானாக ஓடத் தொடங்கிய அவசரக் குளிர்விப்பு நீரை ஊழியர்கள் குறைத்துவிட்டார்கள். உலையின் பாதி உருகியது. மேல் வளைவுகளில் ஆவியும் ஹைட்ரஜனும் குமிழாக அடைத்துக்கொண்டதால் சுழற்சி நடக்கவில்லை. ஏறத்தாழ பதினாறு மணி நேரம் கழித்து ஒரு பம்பை ஓட்டிய பிறகே நிலைமை கைக்கு வந்தது. அந்த உலை பம்பில்லாமல் தானாகச் சுழலும் நிலைக்கு வர ஏப்ரல் 27 ஆகிவிட்டது.

செர்னோபிலில் தண்ணீருக்கே வழியில்லை. 1986இல் வெடித்துத் திறந்து கிடந்த உலையின் மீது மணல், களிமண், ஈயம், போரான் என்று சுமார் 5000 டன்னை ஹெலிகாப்டரில் கொட்டினார்கள். மண்ணைப் போட்டு மூடுவது தீக்குச் சரி. சிதைவு வெப்பத்துக்கு அது கம்பளி போர்த்தியது போலாகிவிடும் என்ற கவலை அப்போதே எழுந்தது. உருகிய எரிபொருள் அடித்தளத்தைத் துளைத்துவிடும் என்று பயந்து, ஏறத்தாழ 400 சுரங்கத் தொழிலாளர்கள் கடும் வெக்கையில் கட்டடத்துக்கு அடியில் குடைந்து, குளிர்விப்புத் தளம் ஒன்றைப் போட்டார்கள். அது தேவைப்படவே இல்லை. குழம்பு அதற்கு முன்பே உறைந்துவிட்டது. அவர்கள் தோண்டிய நேரத்தில் அது யாருக்கும் தெரியாது.

இந்தியாவில் அவசரக் குளிர்விப்பு உண்மையிலேயே இயங்கிய இன்னொரு நாள், விந்தையாக, ஃபுகுஷிமா விபத்தின் ஐந்தாம் ஆண்டு நினைவுநாள். 2016 மார்ச் 11 காலை, குஜராத்தின் காக்ராபாரில் முதல் அலகின் குளிர்விப்புக் குழாய் ஒன்று விரிசல் கண்டு கனநீர் கசிந்தது. உலை நின்றது, அவசரக் குளிர்விப்பு நீர் உள்ளே பாய்ந்தது. கசிந்த குழாயைக் கண்டுபிடித்து அடைக்கச் சில நாட்கள் பிடித்தன. அதுவரை சூடு தணிந்தபடியே இருந்தது. கல்பாக்கத்திலோ 2004 டிசம்பர் 26 காலை சுனாமி நீர் பம்பு அறைக்குள் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் அலகை நிறுத்தினார்கள், குளிர்விப்பு தடைபடவில்லை, ஒரு வாரத்தில் உலை மீண்டும் ஓடியது.

கூடங்குளத்துக்கு வருவோம். கடலோரச் சாலையில் போகும்போது தெரியும் இயங்கும் இரண்டு உலைகளின் குவிமாடங்களைச் சுற்றி, மேல்நோக்கி ஏறும் காற்றுப்பாதைகள் கட்டப்பட்டிருக்கின்றன. நீராவிக்கலனிலிருந்து எழும் ஆவி, கட்டடத்துக்கு வெளியே உயரத்தில் இருக்கும் குழாய்க்கட்டுகளுக்குள் போகும். வெளிக்காற்று கீழிருந்து நுழைந்து, குழாய்களைத் தழுவிச் சூடேறி, மேலே புகைபோக்கி வழியாக எழும். உள்ளே ஆவி குளிர்ந்து நீராகித் தன் எடையாலேயே கலனுக்குத் திரும்பும். காற்றுப்பாதையின் தட்டிகளை மின்சாரம் மூடிப் பிடித்திருக்கிறது. மின்சாரம் போனால் பிடி விட்டு அவை தாமாகத் திறந்துகொள்ளும். போடிமெட்டு ஸ்டோரின் புகைபோக்கியை நூறு மடங்கு பெரிதாக்கி, தலைகீழ் நோக்கத்துக்குப் பயன்படுத்தியது போல இருக்கிறது. அங்கே சூட்டை அறைக்குள் கொண்டுவரக் காற்று, இங்கே வெளியேற்றக் காற்று.

குழாய் உடைந்துபோனால் இந்த ஏற்பாடு மட்டும் போதாது. அதற்கு வேறு கலன்கள் இருக்கின்றன. மருந்தடிக்கும் கைத்தெளிப்பானில் காற்றை அடைத்து வைப்போமே, அதுபோல நைட்ரஜன் அழுத்தத்தில் போரான் கலந்த நீரை அடைத்து வைத்த கலன்கள். உலையின் அழுத்தம் இறங்கினால் தடுப்பு வால்வு தானாகத் திறந்து நீர் பீய்ச்சும். அதுவும் தோற்று உலை உருகினால், அடியில் ஒரு பெரிய பாத்திரம் காத்திருக்கிறது. இரும்பு ஆக்சைடும் அலுமினியம் ஆக்சைடும் நிரப்பிய உலைப்பிடிகலன். உருகிய குழம்பு அதில் விழுந்து அந்த ஆக்சைடுகளோடு கலந்து பரவும். வெளியே சூழ்ந்த தண்ணீர் சூட்டை வாங்கும். செர்னோபில் தொழிலாளர்கள் அவசரத்தில் தோண்டிப் போட்டதை, இங்கே உலைக்கு முன்பே கட்டி வைத்திருக்கிறார்கள்.

ஆனாலும் கடற்கரையின் உப்புக் காற்றில் இரும்புத் தட்டி துருப்பிடிக்கும். ஆண்டுக்கணக்கில் அசையாத கீல் இறுகும். மனிதக் கை வேண்டாத அமைப்பைத்தான் மனிதக் கை அடிக்கடி தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. சீசன் தொடங்குமுன் ஸ்டோரின் தகரக் குழாயைக் கழற்றிக் கரி தட்டுவார்கள். கரி அடைத்தால் புகை இழுக்காது, காய் வேகும், நிறம் போகும்.

ஃபுகுஷிமாவுக்குப் பிறகு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் பரிந்துரைப்படி, இந்திய உலைகளின் கட்டடச் சுவருக்கு வெளியே தண்ணீர் இணைப்பு முனைகள் அமைக்கப்பட்டன. எல்லாம் செத்துப்போனாலும் ஒரு தீயணைப்பு வண்டி வந்து, குழாயை அந்த முனையில் திருகி மாட்டி, நீராவிக்கலனுக்குள் தண்ணீர் தள்ளலாம். நரோராவில் பதற்றத்தில் செய்தது, இங்கே முன்கூட்டியே வடிவமைத்த வழியாக இருக்கிறது. ஒத்திகையில் கவனிக்க வேண்டியது கடிகாரத்தைத்தான். வண்டி கிளம்பி, குழாய் விரித்து, முனை மாட்டி, முதல் தண்ணீர் உள்ளே இறங்க எத்தனை நிமிடம் என்று. முதல் மணி நேரம் முடியும் தறுவாயில் உலை குடித்துக்கொண்டிருப்பது, நிமிடத்துக்கு ஒரு சின்டெக்ஸ் தொட்டி.